கைக்குக் கண் காவல்

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை. டில்லியில் சாளரத்தைத் திறக்கவும் மனம் அஞ்சுகின்ற குளிர்காலம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிப் பத்து நாள்களே ஆகியிருந்த நம் அன்னையார், நாற்காலியில் அமர்ந்து இடக்கையில் காப்பித் தம்ளரை ஏந்தியிருந்தார். மூளையில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதனால் அவருடைய இடப்பக்கம் தளர்ந்திருந்தது. வலு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. தம்ளரைப் பிடிக்கும் அளவுக்குக் கை தேறிவிட்டதே என்று வீட்டில் உள்ள அனைவரும் மகிழ்ந்திருந்த வேளையில், வாயில் மணி ஒலித்தது. அன்னையார் திரும்பிப் பார்த்தார். மறுகணம் தம்ளர் தரையில் கிடந்தது.

"நான் விடவே இல்லையே, அது எப்படி விழுந்தது?" என்று கேட்டார் அவர்.

பயிற்சி அளிக்க வந்த உடலியக்க மருத்துவர் அன்று மாலை இதற்கு விளக்கம் தந்தார். கையில் வலு இருக்கிறது. ஆனால் அந்தக் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்னும் செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. கண் அதன்மீது இருக்கும்வரை கை பிடித்திருக்கும். கண் விலகினால் பிடியும் நழுவும் என்றார். அவர் பேசியது இந்தி. அன்னையார் அறிந்ததோ தமிழ் ஒன்றே. இருபது ஆண்டுகளாக அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்து வயிறு வளர்க்கும் நமக்கு, இந்த நான்கு வாக்கியங்களை மொழிபெயர்ப்பது எளிதாக இருக்கவில்லை. ஒருவாறு சொல்லி முடித்தோம்.

"பிடிப்பது கைதானே? கண்ணா பிடிக்கிறது?" என்றார் அன்னையார்.

நாம் அன்று விடை கூறவில்லை. விடை தேடிப் படிக்கத் தொடங்கினோம். அவர் கேட்ட கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே அவரைப் போன்ற ஒரு தாய் நிற்கிறாள் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

அவ்வரலாற்றினுள் புகுமுன் நேயர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கண்களை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொடுக. பெரும்பாலும் பிழையின்றித் தொட்டுவிடுவோம். அடுத்து, கண்களைத் திறவாமலே ஒரு தாளில் நம் பெயரை எழுதுக. எழுத்து வரும். ஆனால் வரி மேலேறும் அல்லது கீழிறங்கும்; ஓர் எழுத்தின் தலையில் அமர வேண்டிய புள்ளி அயலெழுத்தின் தலையில் போய் அமரும். கண்ணின் துணையின்றியே உடல் தன்னை அறிந்துகொள்ளும் என்பதை முதற்சோதனை காட்டுகிறது. அவ்வறிவு எந்த இடத்தில் கண்ணின் கையைப் பற்றிக்கொள்ள நேர்கிறது என்பதை மற்றது காட்டுகிறது.

புலன்கள் ஐந்து என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். தொட்டால் அறிவது மெய். ஆயின், எதனையும் தொடாமல் இருளில் நீட்டிய கை மேல்நோக்கி நீண்டிருக்கிறதா, பக்கவாட்டில் நீண்டிருக்கிறதா என்று அறிவிப்பது எப்புலன்? இக்கேள்வியை மருத்துவ நூலின் பக்கங்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்து நாட்டவரான சார்லஸ் பெல். 1774ஆம் ஆண்டில் பிறந்த இவர் அறுவை மருத்துவர், சிறந்த ஓவியரும்கூட. 1815ஆம் ஆண்டில் வாட்டர்லூப் போர் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு விரைந்து, காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்ததோடு அவர்களுடைய புண்களை வண்ணச் சித்திரங்களாகவும் தீட்டி வைத்தார். உடலை இவ்வளவு உற்றுநோக்கிய ஒருவருக்குத்தான் பிறர் கண்ணில் படாத வினாவும் தோன்றியிருக்க வேண்டும் போலும். பார்வையற்ற ஒருவன் நிமிர்ந்து நிற்கிறான். காற்று வீசினால் அதற்கேற்பச் சாய்ந்து கொடுக்கிறான். தான் சாய்வதை அவன் எதனால் அறிகிறான் என்று கேட்டார் பெல்.

1826ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் முன் படிக்கப்பட்ட கட்டுரையில் அவர் தம் விடையை அளித்தார். மூளைக்கும் தசைக்கும் இடையே ஒரு வட்டம் உண்டு. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்வது ஒரு நரம்பு. தசையின் நிலையை மூளைக்குத் திருப்பிச் சொல்வது மற்றொரு நரம்பு. ஆணை போனால் மட்டும் போதாது; ஆணை நிறைவேறியதா என்ற அறிக்கையும் வந்தாக வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை. இரு வகை நரம்புகளையும் முதலில் பிரித்தறிந்தவர் பெல்லா, பிரெஞ்சு அறிஞர் மஜான்டியா என்பது பற்றி அந்நாளில் பெரும் வழக்கு நடந்தது. அவ்வழக்கு நமக்கு வேண்டா.

நமக்கு வேண்டுவது, 1833ஆம் ஆண்டில் மனிதனின் கையைப் பற்றி அவர் எழுதி வெளியிட்ட நூலில் வரும் ஒரு தாயின் கதை. குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த காலத்தில் அப்பெண்ணுக்கு வாதம் கண்டது. ஒரு பக்கத்தில் வலு போயிற்று. மறுபக்கத்தில் வலு இருந்தது, உணர்ச்சி போயிற்று. வலுவுள்ள கையால் குழந்தையை மார்போடு அணைத்துப் பிடிக்க அவளால் முடிந்தது. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரைதான். சுற்றியுள்ள ஏதேனும் ஒன்று அவள் கவனத்தை ஈர்த்துக் கண் அப்பால் திரும்பினால், கைத்தசைகள் மெல்லத் தளரும். குழந்தை நழுவி விழப் பார்க்கும். அவள் கையை விடுவதில்லை, விட்டதை அறிவதுமில்லை. இப்பகுதியைப் படித்த இரவில் நமக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. தம்ளர் விழுந்தால் துடைத்துவிடலாம். பெற்ற குழந்தையின்மீது வைத்த கண்ணை எடுக்க அஞ்சிய அத்தாயின் நாள்கள் எவ்வாறு கழிந்திருக்கும்!

பெல்லின் ஆராய்ச்சிகளை 1832ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளியிட்டவர் பெர்லின் நகர மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இச்செய்தி நமக்குச் சற்றே பெருமிதம் தருவதை மறைக்க முடியவில்லை. மொழிபெயர்த்தவரின் பெயர் வழக்கமாக நூலின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒதுங்கிவிடும். ரோம்பெர்க்கின் பெயரோ உலகெங்கும் மருத்துவர்களின் நாவில் இன்றும் வழங்குகிறது. 1840களில் வெளிவந்த தம் நரம்பு நோய் நூலில் அவர், முதுகுத் தண்டின் பின்பகுதி தேய்ந்துபோகும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். மேகநோயின் நெடுங்கால விளைவு அது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அந்நோயாளிகளைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னால் நிற்பார்கள். கண்களை மூடச் சொன்னால் ஆடுவார்கள். பிடிக்க ஆள் இல்லாவிடில் விழுவார்கள். காலையில் முகத்தில் நீரை வாரி இறைத்துக் கண்களை மூடும்போது தள்ளாடுவதே சிலருக்கு நோயின் முதல் அறிகுறியாயிற்று. கால்களின் நிலையைச் சொல்லும் நரம்பு வழி அற்றுப்போனவர்களைக் கண் ஒன்றே தாங்கி நிறுத்தியிருந்தது. கருவி ஏதும் வேண்டாத இச்சோதனையை இன்றும் மருத்துவர்கள் நாள்தோறும் செய்கிறார்கள்.

இதுவரை கண்டவை நோயுற்றோரின் வரலாறுகள். உடல்நலமுள்ள ஒருவன் கையை அசைக்கும்போது கண் எவ்வளவு உதவுகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பட்டத்திற்காக ஆராய்ந்துகொண்டிருந்த ராபர்ட் வுட்வொர்த், 1899ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். அவர் செய்தது மிக எளிய காரியம். சுழலும் உருளையில் தாளைச் சுற்றி, பென்சிலால் குறிப்பிட்ட நீளத்துக்குக் கோடு இழுக்கச் சொன்னார். சங்கீதக்காரர்கள் தாளம் பிசகாமலிருக்க வைத்துக்கொள்ளும் தட்டுக் கருவியை ஓடவிட்டு, அதன் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்று விதித்தார். ஒருமுறை கண்களைத் திறந்தவாறு, மறுமுறை மூடியவாறு. வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனார்.

மெதுவாக இழுத்த கோடுகளில், கண் திறந்தவர்களின் பிழை மிகச் சிறிதாகவும், மூடியவர்களின் பிழை பெரிதாகவும் இருந்தது. இதில் வியப்பில்லை. வேகம் கூடக்கூடக் கண்ணால் விளைந்த நன்மை சுருங்கிக்கொண்டே வந்தது. நிமிடத்திற்கு 140 கோடுகள் என்ற அளவை எட்டியபோது, கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை ஒன்றாகவே ஆகிவிட்டது! அத்துணை விரைவான அசைவில், கண் கண்டதைக் கொண்டு கையைத் திருத்த நேரம் இல்லை. ஓர் அசைவில் இரு பகுதிகள் உண்டு என்று வுட்வொர்த் இதிலிருந்து கண்டார். முதலில் கையை எறிவது போன்ற ஓர் உந்தல். பின்னர் இலக்கை நெருங்கும்போது பார்த்துப் பார்த்துச் செய்யும் திருத்தம். ஊசியில் நூல் கோப்பவரை நோக்குங்கள். நூல் ஊசியின் அருகே வருவது ஒரே வீச்சில்; கண்ணில் நுழைவதற்குத்தான் அத்தனை பொறுமையும். திருத்தத்திற்கு வேண்டிய காலம் அவர் கணக்கில் ஏறத்தாழ அரை விநாடி. பின்வந்தவர்கள் நுண்ணிய கருவிகளைக் கொண்டு அதனைக் கால் விநாடிக்கும் குறைவாக்கினர். ஆயினும் அந்த இரு பகுதிப் பாகுபாடு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பாடநூல்களில் நிலைத்திருக்கிறது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஸ்டிராட்டன் என்னும் உளநூல் அறிஞர், காட்சியைத் தலைகீழாக்கும் வில்லைகளைத் தம் கண்ணில் அணிந்துகொண்டு முதலில் மூன்று நாள்களும், பின்னர் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில் எட்டு நாள்களும் வாழ்ந்து பார்த்தார். முதல் நாளில் அவருடைய கைகள் வேண்டிய பக்கத்தை விட்டு வேறு பக்கம் போயின. உடல் தன் கை ஓரிடத்தில் இருப்பதாகச் சொல்லிற்று. கண் அது வேறிடத்தில் இருப்பதாகச் சொல்லிற்று. நாள் செல்லச் செல்ல உடல் கண்ணுக்கு இணங்கலாயிற்று.

உடலினுள்ளிருந்து வரும் அவ்வுணர்வுக்கு நிலையான பெயர் கிடைத்தது 1906ஆம் ஆண்டில். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற சார்லஸ் ஷெரிங்டன், நரம்பு மண்டலத்தைப் பற்றிய தம் பெருநூலில் 'தனக்குரியது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஒரு தொடரை ஆக்கினார். அதுவே இன்று புரோப்ரியோசெப்ஷன் என்று வழங்குகிறது. இதைத் தமிழில் எவ்வாறு சொல்வது? 'தன்னுணர்வு' என்றால் தத்துவமாகிவிடும். 'உடல்நிலை உணர்வு' என்றால் காய்ச்சலும் இருமலும் நினைவுக்கு வரும். 'உறுப்புநிலை உணர்வு' என்று இக்கட்டுரையில் வைத்துக்கொள்வோம். இதனினும் நல்ல சொல் நேயர்களுக்குத் தோன்றினால் மகிழ்ச்சியே.

கண்ணுக்கு உடல் இணங்கும் என்பதை இன்னும் விந்தையாக மெய்ப்பித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்சன். 1963ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சோதனை இது. கையுறை அணிந்த ஒருவர் ஒரு பெட்டியினுள் கையை நுழைத்து, மேலே உள்ள துளை வழியாகப் பார்த்துக்கொண்டே நேர்க்கோடு வரைய வேண்டும். அவர் அறியாமல் பெட்டியினுள் ஒரு கண்ணாடி. சில வேளைகளில் அவர் காண்பது தம் கையையன்று. அதே போன்ற கையுறை அணிந்த வேறொருவரின் கையை. அந்த அயற்கை வேண்டுமென்றே கோட்டை விட்டு ஒருபுறம் விலகும். உடனே பார்ப்பவர், நேராகவே போய்க்கொண்டிருந்த தம் கையை மறுபுறம் வளைத்துத் திருத்துவார். அதற்கப்புறமும் அக்கை தம்முடையதே என்று உறுதியாக நம்புவார். ஏன் விலகியது என்று கேட்டால், கை தானாகவே போய்விட்டது என்பார். பிறர் செய்த பிழைக்குத் தாம் சமாதானம் சொல்வது அலுவலகங்களில் மட்டும் நடப்பதன்று போலும்.

1979ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகர ஆராய்ச்சியாளர்கள் மற்றொரு நுட்பத்தைக் கண்டனர். இலக்கை நோக்கிக் கை புறப்பட்ட பிறகு அதனைக் காணவிடாமல் மறைத்தாலும், புறப்படுமுன் ஒருமுறை அதனைக் கண்டிருந்தால் குறி சற்றே துல்லியமாகிறது. போகும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. புறப்படும் இடமும் தெரிய வேண்டும். கடிதத்தில் பெறுநர் முகவரியோடு அனுப்புநர் முகவரியும் வேண்டுவது போல.

இனி, இவ்வரலாற்றில் மிகத் துயரமானதும் மிக வீரமானதுமான பகுதி. 1971ஆம் ஆண்டில், இறைச்சிக் கடையில் பணிபுரிந்துவந்த 19 வயது இளைஞர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவ ஏடுகள் அவரை ஐ.டபிள்யூ. என்ற இரண்டு எழுத்துகளாலேயே குறிக்கின்றன. காய்ச்சலைத் தொடர்ந்து, கழுத்துக்குக் கீழே தொடுவுணர்ச்சியையும் உறுப்புநிலை உணர்வையும் கொண்டுசெல்லும் நரம்புகள் அழிந்தன. வெப்பமும் குளிரும் வலியும் தெரிந்தன. தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்புகளும் பழுதின்றி இருந்தன. அவருக்கு வாதம் இல்லை. ஆயினும் படுக்கையில் எழுந்து உட்கார முடியவில்லை. கைகள் அவர் அறியாமலே எங்கெங்கோ அலைந்தன. நடமாட்டம் இனி இல்லை என்று கருதப்பட்ட நிலையில் அவர் தாமே ஒரு வழி கண்டார். எந்த உறுப்பை அசைக்க வேண்டுமோ அதனைக் கண்ணால் நோக்கி, எந்தத் தசையை எவ்வாறு இயக்குவது என்று மனத்தால் எண்ணி, கண் காணக் காண அசைப்பது. முதன்முதலில் இவ்வாறு எழுந்து உட்கார்ந்தபோது அடைந்த பேருவகையில் கவனம் சிதறி மீண்டும் சாய்ந்தார் என்பர். மாதக்கணக்கில் உழைத்து உண்ணக் கற்றார், எழுதக் கற்றார், நிற்கவும் நடக்கவும் கற்றார், பின்னாளில் மோட்டார் வண்டி ஓட்டினார். நரம்பியல் மருத்துவர் ஜானதன் கோல் இவர் வரலாற்றை 1991ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே எழுதினார்.

ஒரு முட்டையை நசுக்காமல் எடுப்பதற்கும் இவருக்குக் கண்ணும் கருத்தும் வேண்டும். நடக்கும்போது பேச்சுக்குச் செவி கொடுப்பதும் பெரும் பிரயாசை. விளக்கு அணைந்து கண் முன் இருள் சூழ்ந்தால் நிற்க முடியாது, விழுந்துவிடுவார். நம் ஊர்களில் கோடைக்கால மின்தடையில் மெழுகுவத்தியைத் தடவித் தேடும்போதெல்லாம் இவர் நினைவு வருவது இனித் தவிர்க்க முடியாதது. விந்தை ஒன்றும் உண்டு. பேசும்போது நாம் அனைவரும் கையை அசைத்துப் பேசுகிறோம் அல்லவா? அந்தக் கையசைவுகள், தம் கைகளை அவர் காண முடியாதபடி மறைத்தபோதும், சொல்லோடு இணைந்தே எழுந்தன. பொருளை எடுக்கக் கண் வேண்டிய கைக்குப் பேச்சோடு ஆடக் கண் வேண்டவில்லை. கையின் எல்லாத் தொழிலும் ஒரே வழியில் நடப்பதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் இதனைக் கொண்டு கருதினர்.

உணர்ச்சியற்ற கைக்குக் கண் காவல் இருப்பதைக் கண்டோம். இல்லாத கைக்கும் கண் காவல் இருக்க முடியுமா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்த பிலடெல்பியா மருத்துவர் வியர் மிட்செல், வெட்டி எடுக்கப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதாகவே அவர்கள் உணர்வதைக் கண்டார். 1866ஆம் ஆண்டில் இதனை ஒரு கற்பனைக் கதையாகப் பெயரிடாமல் ஒரு மாத இதழில் வெளியிட, வாசகர் பலர் அதனை மெய்யென்றே நம்பினர். சில ஆண்டுகள் கழித்து அவ்வுறுப்புக்குப் 'பேயுறுப்பு' என்று பொருள்படும் பெயரையும் அவரே சூட்டினார். பேய் என்றால் அச்சம் மட்டுமன்று; துன்பமும் உண்டு. இல்லாத கை முறுக்கிக்கொள்ளும். இல்லாத விரல்களின் நகங்கள் இல்லாத உள்ளங்கையில் பதிந்து வலிக்கும். விரித்து விடலாமென்றால் விரிக்க விரல் இல்லை. நூறாண்டுகளுக்கு மேலாக இதற்கு நல்ல மருந்து கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் வரலாறு நம் மண்ணைத் தொடுகிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர் விளையனூர் இராமச்சந்திரன். 1951ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டீகோவில் பணியாற்றியவர். கையை இழந்தவரின் மூளை 'அசை' என்று ஆணையிடுகிறது. 'அசையவில்லை' என்ற செய்தியே எப்போதும் திரும்பி வருகிறது. ஆகையால் பேய்க்கை உறைந்துபோகிறது என்று அவர் ஊகித்தார். அப்படியானால் 'அசைந்தது' என்ற செய்தியைக் கண்ணின் வழியாகவேனும் அனுப்பினால் என்ன? மூடியற்ற ஓர் அட்டைப் பெட்டி, நடுவே செங்குத்தாக ஒரு நிலைக்கண்ணாடி, அவ்வளவுதான் கருவி. இருக்கும் கையைக் கண்ணாடியின் ஒருபுறம் வைத்து அதன் நிழலுருவைப் பார்த்தால், இழந்த கை இருந்த இடத்தில் ஒரு கை தோன்றும். இருக்கும் கையை அசைத்தால் அதுவும் அசையும்.

1996ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையின்படி, இதைச் செய்து பார்த்த 10 பேரில் 6 பேர், கண்ணாடியில் கை அசைந்தபோது தம் பேய்க்கை அசைவதைக் காண்பதோடு உணரவும் செய்தனர். முறுக்கு வலியால் துன்புற்ற 5 பேரில் 4 பேருக்குக் கண்ணாடியின் துணையால் மூடிய விரல்கள் விரிந்து வலி தணிந்தது. நூற்றாண்டுத் துன்பத்திற்குக் கடைத்தெருவில் வாங்கும் ஒரு கண்ணாடி மருந்தாகலாம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. செய்தித்தாள்கள் அதனைச் சற்று மிகுதியாகவே கொண்டாடின என்பது நம் எண்ணம். பத்துப் பேரிடம் கண்டதை எல்லோருக்கும் உரியதாக்குவது முறையன்று. நல்வினையாக, ஆராய்ச்சியாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில், போரில் காலிழந்த வீரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து நான்கு வாரம் பயிற்சி அளித்தனர். ஒரு குழு கண்ணாடியைப் பார்த்தது. ஒரு குழு துணியால் மூடிய கண்ணாடியை வைத்துக்கொண்டது. ஒரு குழு கண்மூடிக் கற்பனை செய்தது. இறுதிவரை இருந்தவர் 18 பேர். கண்ணாடியைப் பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கே குறைந்தது.

இதனிடையே 1998ஆம் ஆண்டில் பாட்வினிக், கோஹன் என்னும் இருவர் ஒரு ரப்பர்க் கையை மேசைமீது வைத்து, மறைத்த உண்மைக் கையையும் அதனையும் ஒரே சமயத்தில் தூரிகையால் வருடினர். பார்த்திருந்தவர்கள் ரப்பர்க் கையைத் தம் கை என்றே உணரலாயினர். கண்ணை மூடி 'உமது கை எங்கே?' என்று கேட்டால், ரப்பர்க் கையின் பக்கமாகவே சுட்டினர். 2004ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் நடந்த சோதனை அதற்கு ஒரு படி மேலே சென்றது. கண்ணாடியில் கண்ட கை எங்கே இருப்பதாகத் தோன்றியதோ, அதற்கேற்ப மறைந்துள்ள கை இலக்கைத் தவறவிட்டது. கண் சொன்ன பொய்யை நம்பித் தவறான இடத்திலிருந்து கை புறப்பட்டது.

கை இருந்தும் தளர்ந்துவிட்ட வாத நோயாளிகளுக்கு இக்கண்ணாடி உதவுமா என்று 1999ஆம் ஆண்டில் 9 பேரைக் கொண்டு முதலில் சோதித்தனர். அதன்பின் பல நாடுகளில் நடந்த 62 ஆய்வுகளையும், அவற்றில் பங்குகொண்ட 1,982 பேரையும் சேர்த்து 2018ஆம் ஆண்டில் எடைபோட்ட காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, வழக்கமான பயிற்சியோடு கண்ணாடிப் பயிற்சியும் சேர்ந்தால் கைகால் இயக்கம் ஓரளவு மேம்படுகிறது என்று முடிவு கூறியது. ஓரளவு என்ற சொல்லை நேயர்கள் விட்டுவிடலாகாது.

நம் வீட்டில் அக்கண்ணாடி தை மாதத்தில் வந்தது. முகம் கழுவும் தொட்டியின் மேலிருந்ததைக் கழற்றி, மேசைமீது நிறுத்தி, இடக்கையை அதன் பின்னே மறைத்து, வலக்கையை முன்னே வைக்கச் செய்தார் மருத்துவர். "இதில் தெரிவது உங்கள் இடக்கை என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்" என்றார். மொழிபெயர்த்தோம். அன்னையார் ஒரு கணம் பார்த்தார்.

"இது வலக்கைதானே? வளையல் தெரிகிறதே!"

உண்மைதான். மருத்துவமனையில் ஊசி ஏற்றும்போது இடக்கை வளையல்களைக் கழற்றியிருந்தார்கள். வலக்கையிலுள்ளதையும் கழற்றிவிடச் சொல்லுங்கள், இரு கையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அவ்வாக்கியத்தை நாம் மொழிபெயர்க்கவில்லை. தந்தையார் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கையில் அன்னையாரிடம் அதைச் சொல்லும் துணிவு எந்த மொழிபெயர்ப்பாளனுக்கு வரும்? மருத்துவரிடம் காரணத்தைச் சொன்னோம். அவர் பஞ்சாபிப் பெண்மணி, உடனே புரிந்துகொண்டார். மறுநாள் கரோல்பாக் கடையில் அதே நிறத்தில் இரண்டு கண்ணாடி வளையல்கள் வாங்கி வந்தோம். மருத்துவரே அவற்றை அன்னையாரின் இடக்கையில் அணிவித்தார். இப்போது கண்ணாடியில் தெரிந்த கைக்கும் மறைந்திருந்த கைக்கும் வேறுபாடு இல்லை.

நாள்தோறும் காலையில் கால் மணி நேரம். விரல்களை மடக்குவதும் விரிப்பதும், மணிக்கட்டைத் திருப்புவதும். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், "பின்னால் இருக்கிற கையும் கூடவே வருகிற மாதிரி இருக்கிறது" என்றார். அது கண்ணாடியின் பயனா, காலத்தின் பயனா என்று கேட்டோம். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு நோயாளியைக் கொண்டு இயலாது என்று மருத்துவர் நேர்மையாகக் கூறினார். அவர்மீது நமக்கிருந்த மதிப்பு அன்று இன்னும் உயர்ந்தது.

பெல் எழுதிய அந்தத் தாயின் கதையையும் அன்னையாருக்குச் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு, "குழந்தை விழவில்லையே?" என்றுதான் முதலில் கேட்டார். விழும் அபாயம் இருந்தது என்று மட்டுமே நூலில் எழுதியிருக்கிறது என்றோம். "அவள் கண்ணை எடுத்திருக்க மாட்டாள்" என்றார்.

இப்போது அவர் மீண்டும் இடக்கையால் தம்ளரைப் பிடிக்கிறார். அவர் காப்பி அருந்தும் நேரத்தில் வீட்டில் எவரும் பேச்சுக் கொடுப்பதில்லை. வாயில் மணி ஒலித்தால், தம்ளரை மேசைமீது வைத்து, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் பிறகே வாயிற்பக்கம் திரும்புகிறார்.